கதவைச் சாத்தினார்கள், துணியிலே கோவில் எழுந்தது!

ஒரு கோவில் இருக்கிறது.

அதற்குக் கோபுரம் இல்லை. மதில் இல்லை. கல்லும் சுண்ணாம்பும் அதில் சேரவில்லை. கதவு கிடையாது, ஆகவே பூட்டும் கிடையாது.

நான்கு கழிகளை நட்டால் கோவில் எழுந்து நிற்கும். திருவிழா முடிந்ததும் அதை மடித்து, மூட்டை கட்டி, தலையில் வைத்துக்கொண்டு போய்விடலாம்!

இது என்ன வேடிக்கை என்று கேட்கிறீர்களா?

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு வேதனைக் கதையும் இருக்கிறது. அந்தக் கோவில் துணியால் ஆனது. நான்கு பக்கமும் துணிச் சுவர். மேலே துணிக் கூரை. சுவர் முழுவதும் சித்திரம். சித்திரத்தின் நடுவே, ஆயுதம் ஏந்திய அம்மன்.

குஜராத் மாநிலத்தில், ஆமதாபாத் நகரத்தில், இந்தத் துணிக்கோவிலைச் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வருகின்றன. அதன் பெயர் "மாதா நி பச்சேடி".

பல்லைப் பிடுங்கும் பெயர்போல் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். "அம்மனுக்குப் பின்னால்" என்பதுதான் அதன் பொருள். அம்மனுக்குப் பின்னால் தொங்கவிடும் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே விதானமாகக் கட்டும் சதுரத் துணிக்கு "சந்தர்வோ" என்று பெயர்.

வெளியே நின்றவர்கள்

குஜராத்தில் "தேவிபூஜக்" என்று ஒரு சமூகத்தார் இருக்கிறார்கள். தேவியைப் பூசிப்பவர்கள் என்று பொருள். முன்பு அவர்களை வேறு பெயரால், ஏளனமாக அழைத்தார்கள். அந்தப் பெயரை விட்டுவிட்டு, தங்கள் அம்மனின் பெயரால் தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

ஏழை மக்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள். வேப்பங்குச்சி விற்பார்கள், காய்கறி விற்பார்கள். வீடு வீடாகப் போய்ப் பாத்திரத்தைக் கொடுத்துப் பழந்துணியை வாங்கிக்கொள்வார்கள். பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தைத்துச் சீராக்கிச் சந்தையில் விற்பார்கள்.

அவர்களுக்கும் அம்மன்மேல் பக்தி உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவர்களும் அம்மனைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் கோவில் வாசலுக்குப் போனால், "வெளியே நில்!" என்றார்கள்.

சாதியின் பெயரால் கதவு சாத்தப்பட்டது.

அவர்கள் என்ன செய்தார்கள்?

அம்மனைத் துணியிலே எழுதினார்கள். அம்மனுக்கு மேலே கோவிலையும் எழுதினார்கள். தூண்களை எழுதினார்கள், வளைவை எழுதினார்கள். அந்தத் துணியை மரத்தடியில் கட்டினார்கள். கட்டிய இடமே கோவில் ஆயிற்று.

"நீங்கள் உள்ளே விடாவிட்டால் போகிறது. எங்கள் தாய் எங்களோடு வருவாள்!" என்று அந்தத் துணி சொல்லாமல் சொல்லிற்று.

இப்படித்தான் இந்தக் கலை பிறந்தது என்று அந்தச் சித்திரக்காரக் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

1950-ம் ஆண்டு நமது அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டப்படி எந்தக் கோவிலும் இன்று அவர்களைத் தடுக்க முடியாது. ஆனாலும் துணிக்கோவிலை அவர்கள் கைவிடவில்லை. துன்ப காலத்தில் கூடவே வந்த தாயை, நல்ல காலம் வந்ததும் விட்டுவிட முடியுமா?

நாய்மேல் ஒரு அம்மன்!

பச்சேடியை விரித்தால் கண் நிறைந்துவிடும்.

நடுவில் பெரிதாக அம்மன். தலைக்கு மேலே கோவில் வளைவு. சுற்றிலும் கட்டம் கட்டமாகப் பல காட்சிகள். கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். கொடி பிடித்தவர்கள், மேளம் அடிப்பவர்கள், குதிரை ஏறியவர்கள், பூ ஏந்திய பெண்கள். பலிக்கு ஆட்டைப் பிடித்து வரும் ஒருவன். மேல் மூலைகளில் சூரியனும் சந்திரனும். ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம், கண் தெரியாத தாய் தந்தையரைக் காவடியில் வைத்துச் சுமக்கும் சிரவணன்.

அம்மன் ஒருத்தி அல்ல, பலர். எந்த அம்மன் என்பதை வாகனத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சேவல்மேல் வந்தால் பகுசரா மாதா. முதலைமேல் வந்தால் கோடியார் மாதா. கறுப்பு வெள்ளாட்டின்மேல் வந்தால் மேல்டி மாதா. எருமைமேல் வருகிறவள் விகத் மாதா. ஒட்டகத்தின்மேல் வருகிறவள் மோமாய் மாதா.

கப்பலில் வருகிற அம்மனும் உண்டு. அவள் சிக்கோத்தர் மாதா. கடலில் போகிறவர்களைக் காப்பவள். குஜராத்துக்கு நீண்ட கடற்கரை இருக்கிறது அல்லவா? கடலுக்குப் போன கணவன் திரும்பி வரவேண்டும் என்று கும்பிட ஓர் அம்மன் வேண்டாமா?

எல்லாரிலும் ஆச்சரியமானவள் ஹட்காய் மாதா. அவள் நாய்மேல் வருகிறாள்! வெறிநாய்க்கடியிலிருந்து காப்பாற்றும்படி அவளை வேண்டிக்கொள்வார்கள். (நாய் கடித்தால் உடனே புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அம்மனைக் கும்பிடுகிறவர்களும் இதை மறக்கக்கூடாது.)

இந்த அம்மன்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஏழைகள் எதற்கெல்லாம் பயந்தார்களோ, அதற்கெல்லாம் ஓர் அம்மன் இருக்கிறாள். முதலைக்குப் பயந்தார்கள், முதலையே அம்மனுக்கு வாகனம் ஆயிற்று. வெறிநாய்க்குப் பயந்தார்கள், நாயும் அம்மன் காலடியில் அடங்கிற்று.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் புத்தகம்

நவராத்திரி வந்தால் பச்சேடி வெளியே வரும். இரவில் விளக்கேற்றி, துணியைச் சுற்றிக் கட்டி, உள்ளே அம்மனுக்குப் பூசை நடக்கும்.

பூசாரிக்கு "புவா" என்று பெயர். அவர்மேல் அம்மன் வந்து ஆடும். நம் ஊரில் சாமி ஆடுகிறவர் குறி சொல்வது போலத்தான். கதை சொல்லிப் பாடுகிறவர் இன்னொருவர். அவர் துணியில் உள்ள படங்களை வைத்துக்கொண்டு கதையைப் பாடுவார். கூடியிருப்பவர்கள் படத்தைப் பார்த்தபடியே கேட்பார்கள்.

அவர்களில் பலருக்கு அந்தக் காலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அதனால் என்ன? துணிதான் அவர்களுடைய புராணப் புத்தகம். படம்தான் எழுத்து. பாட்டியின் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூட, "அதோ கோடியார் மாதா!" என்று முதலையைக் காட்டிச் சொல்லிவிடும்.

துருவும் வெல்லமும்

இந்தச் சித்திரத்தை எழுதுகிறவர்களுக்குச் "சித்தாரா" என்று பெயர். சித்திரக்காரர் என்று பொருள். அதுவே குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டது. அப்பா கோடு போடுவார். அம்மா வண்ணம் நிரப்புவாள். பிள்ளைகள் மரக்கட்டை அச்சால் கரை பதிப்பார்கள்.

கறுப்பு, சிவப்பு, வெள்ளை. பழைய பச்சேடியில் இந்த மூன்று நிறங்கள்தான். சிவப்பு அம்மனின் நிறம். கறுப்பு தீயதை விரட்டும். வெள்ளை தூய்மையைக் காட்டும்.

கறுப்பு வண்ணத்தை அவர்கள் கடையில் வாங்குவதில்லை. சமையல்கட்டுச் சாமானும் தட்டுமுட்டுச் சாமானுமே போதும்! எப்படி என்று கேளுங்கள்.

முதலில் கோராத் துணியை ஊறவைத்து, அடித்துத் துவைத்துக் கஞ்சியைப் போக்குவார்கள். பிறகு கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் முக்கி, வெயிலில் உலர்த்துவார்கள். துணி இளமஞ்சள் நிறமாகும்.

கறுப்பு வண்ணத்துக்கு என்ன வேண்டும்? துருப்பிடித்த பழைய இரும்பு! அதோடு வெல்லத்தையும் தண்ணீரையும் சேர்த்து, நாட்கணக்கில் புளிக்கவிடுவார்கள். பிறகு வடிகட்டி, புளியங்கொட்டை மாவைப் போட்டுக் காய்ச்சுவார்கள். மாவு எதற்கு? வண்ணம் கெட்டியாக இருந்தால்தான் துணியில் பரவி ஓடாது.

மூங்கில் குச்சியைச் சீவிக் கூராக்கினால் அதுதான் பேனா. அதைத் தொட்டுத் தொட்டுக் கோடு போடுவார்கள். தவறிப் போட்ட கோட்டை அழிக்க முடியாது. ரப்பருக்கு அங்கே வேலையே இல்லை!

அந்தக் கோடு எப்படிக் கறுப்பாகிறது தெரியுமா? துணியில் ஏறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்பும், குச்சியில் வரும் இரும்புச் சாறும் சந்திக்கின்றன. சந்தித்ததும் அழியாத கறுப்பு பிறக்கிறது. நம் பாட்டன்மார் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுத்து மை காய்ச்சினார்கள் அல்லவா? அதே வித்தைதான் இது. அன்னபேதியிலும் இருப்பது இரும்புச் சத்தே.

கொப்பரையில் நடக்கும் அதிசயம்

சிவப்பு வண்ணம் இன்னும் வேடிக்கையானது.

சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்பைப் பூசுவதில்லை. படிகாரத்தைப் பூசுகிறார்கள்! படிகாரத்துக்கு ஏது நிறம்? பூசிய இடம் கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே என்று துளி நிறத்தைக் கலந்துகொள்வார்கள். அம்மனின் சேலை, குதிரையின் சேணம், கோவிலின் தூண் எல்லாவற்றிலும் படிகாரந்தான்.

காய்ந்த துணியை ஆற்றில் அலசுவார்கள். பிறகு பெரிய கொப்பரையில் அலிசரின் என்ற சாயத்தைக் கரைத்துக் கொதிக்கவைத்து, துணியை அதற்குள் போட்டுக் கழியால் புரட்டுவார்கள்.

சற்று நேரம் பொறுங்கள்.

படிகாரம் பட்ட இடமெல்லாம் செக்கச் செவேலென்று சிவக்கிறது! படாத இடம் சிவக்கவில்லை. படிகாரம் சாயத்தைப் பிடித்து நூலோடு கட்டிப்போடுகிறது. பிடித்துக் கட்ட ஆள் இல்லாத இடத்தில் சாயம் நிற்பதில்லை. பிறகு துணியை வெயிலில் விரித்து, நீர் தெளித்துக் காயவைத்தால் மிச்சம் இருக்கும் மங்கல் நிறமும் போய், வெள்ளை பளிச்சென்று தெரியும்.

இந்தச் சிவப்புச் சாயம் மஞ்சிட்டி இனத்து வேர்களில் இருப்பது. 1868-ல் ஜெர்மனியில் இரண்டு விஞ்ஞானிகள் வேர் இல்லாமலே அதைச் செய்யும் வழியைக் கண்டார்கள். அதன்பின் அது தொழிற்சாலையில் செய்யும் சாயமாயிற்று. பச்சேடியிலும் அது புகுந்தது. இப்போது சில கலைஞர்கள் பச்சை, மஞ்சள், நீலம் ஆகிய நிறங்களையும் தாவரங்களிலிருந்து எடுத்துப் பூசுகிறார்கள்.

பெரிய துணி ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆவதும் உண்டு.

நம் ஊரிலும் ஒரு மூட்டை

குஜராத்துக் கதைதானே என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரிலும் இதற்கு ஓர் உறவு இருக்கிறது.

நம் நரிக்குறவர் மக்களைத் தெரியும். பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் ஊசி, பாசிமணி விற்பார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசும் மொழிக்கு "வாக்ரிபோலி" என்று பெயர். அது குஜராத்தி மொழிக்கு உறவானது.

அவர்களுடைய குடும்பங்களில் "சாமி மூட்டை" ஒன்று இருக்கும். அம்மனுக்கு உரிய பொருள்களும் துணிகளும் அதற்குள் இருக்கும். அதை மிகுந்த மரியாதையோடு காப்பார்கள். பூசை நாளில் மட்டும் பிரிப்பார்கள்.

ஊர் ஊராகச் சுற்றுகிறவன் கல்லில் கோவில் கட்ட முடியாது. அவனுடைய சாமி, அவன் தூக்கக்கூடிய சாமியாகத்தான் இருக்க வேண்டும். அங்கே பச்சேடி, இங்கே சாமி மூட்டை.

மாளிகைக்குப் போன துணி

ஒரு காலத்தில் கோவிலுக்குள் விடப்படாதவர்களின் துணி இன்று எங்கெல்லாம் போயிருக்கிறது, பாருங்கள்!

ஆமதாபாத்தில் காலிகோ துணி அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. 1949-ல் தொடங்கியது. விலை மதிக்க முடியாத பட்டும் சரிகையும் இருக்கும் அந்த இடத்தில் பச்சேடியும் இருக்கிறது.

1968-ம் ஆண்டு, ஆமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கல்வி நிலையம் பச்சேடியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டது. எழுதியவர் ஜோன் எரிக்சன் என்ற பெண்மணி. பெயர் பெற்ற மனநூல் அறிஞர் எரிக் எரிக்சனின் மனைவி.

2022-ம் ஆண்டு நவம்பரில், இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஜி-20 மாநாடு நடந்தது. அங்கே அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக்குக்கு நமது பிரதமர் நரேந்திர மோடி கொடுத்த பரிசு என்ன தெரியுமா? மாதா நி பச்சேடி!

2023-ம் ஆண்டு, பானுபாய் சித்தாரா என்ற பச்சேடிக் கலைஞருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் தம் குடும்பத்தில் ஏழாவது தலைமுறைச் சித்திரக்காரர்.

கதவுக்கு வெளியே பிறந்த கலை ராஷ்டிரபதி மாளிகைக்குள் நுழைந்துவிட்டது. கேட்கவே நெஞ்சு குளிர்கிறது அல்லவா?

ஆனால் ஆறு எங்கே?

இத்தனை பெருமைக்கு நடுவே ஒரு கவலையும் இருக்கிறது.

துணியை ஆற்றில் அலசுவார்கள் என்று சொன்னோம். எந்த ஆற்றில்? ஆமதாபாத்தின் நடுவே ஓடும் சபர்மதி ஆற்றில்.

ஏன், வீட்டுத் தொட்டியில் அலசினால் ஆகாதா?

ஆகாது! தொட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும். துணியிலிருந்து கழன்ற கறுப்பும் படிகாரமும் அந்தத் தண்ணீரிலேயே சுற்றிச் சுற்றி வந்து, வெள்ளை இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அம்மனின் முகம் கறைபடும். ஓடும் நீரில் விரித்துப் பிடித்தால், வேண்டாதது எல்லாம் நீரோடு போய்விடும். ஆறுதான் இந்தக் கலையின் கடைசி வேலையாள். கூலி கேட்காத வேலையாள்!

2005-ம் ஆண்டு சபர்மதிக் கரையைச் சீர்படுத்தும் பெரிய திட்டம் தொடங்கிற்று. கரையின் இரு பக்கமும் சிமெண்டுச் சுவர் எழுந்தது. நடைபாதை வந்தது, பூங்கா வந்தது. 2012-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நகரம் அழகாயிற்று. சாயந்தர வேளையில் குடும்பம் குடும்பமாக மக்கள் காற்று வாங்குகிறார்கள்.

ஆனால் துணி அலசுகிறவர்கள் இறங்கி நின்ற மணல் கரை போய்விட்டது. ஓடும் நீரைத் தேடி, ஈரத்துணி மூட்டையோடு அவர்கள் நகரத்துக்கு வெளியே போக வேண்டியதாயிற்று. வண்டிக் கூலி ஒரு பக்கம். வீணாகும் நாள் ஒரு பக்கம்.

இன்னொரு கவலையும் உண்டு. கையால் எழுதிய பச்சேடிக்கு உழைப்பு அதிகம், விலையும் அதிகம். பணம் உள்ளவர்கள் வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறார்கள். ஆனால் அது யாருக்காகப் பிறந்ததோ அந்த ஏழை பக்தன் என்ன செய்வான்? கட்டை அச்சால் பதித்ததையோ, மலிவாக அச்சடித்ததையோ வாங்கிப் போகிறான்.

அதைக் குறை சொல்ல முடியாது. அச்சடித்த அம்மனும் அவனுக்கு அம்மன்தானே!

ஆனாலும் கேள்வி எழுகிறது. மூங்கில் குச்சியால் எழுதும் கை, வெளியூர் வீட்டுச் சுவருக்காக மட்டுமே எழுத வேண்டுமா? மரத்தடி அம்மனுக்காகவும் எழுத வேண்டாமா? கலைஞனுக்குச் சோறும் கிடைக்க வேண்டும். ஏழைக்குத் துணியும் கிடைக்க வேண்டும். அரசாங்கமும் கலையை விரும்புகிறவர்களும் விருதோடு நின்றுவிடாமல், துணி அலச ஓர் ஓடும் நீர்த்துறையும், கைவேலைக்கு நியாயமான கூலியும் கிடைக்க வழி செய்யலாம். அது பெரிய காரியம் அல்ல.

நேர்த்திக்கடன்

குஜராத்தில் ஓர் ஏழைத் தாய் வேண்டிக்கொள்கிறாள். "அம்மா! என் பிள்ளைக்குக் குணமாகட்டும். உனக்கு ஒரு பச்சேடி சாத்துகிறேன்!"

பிள்ளை எழுந்து நடக்கிறான். அவள் காசைச் சேர்த்து, சித்தாரா வீட்டுக்குப் போய்த் துணி வாங்கி வருகிறாள். நவராத்திரி இரவில் கட்டி, விளக்கேற்றிக் கும்பிடுகிறாள்.

வருஷங்கள் போகின்றன. துணி நைந்து கிழிகிறது. அம்மன் இருந்த துணியைக் குப்பையில் போடுவார்களா? மாட்டார்கள். எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் விடுவார்கள்.

ஆற்று நீரில் அலசியபோது தெளிந்த அம்மனின் முகம், முடிவில் ஆற்று நீருக்கே போய்ச் சேருகிறது. அடுத்த நவராத்திரிக்குப் புதுத் துணி வரும்.

அடுத்த தடவை சமையற்கட்டில் கடுக்காயையோ புளியங்கொட்டையையோ பார்க்கும்போது, உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கோவிலுக்குள் விடாதபோது, இவற்றைக் கொண்டு தங்களுக்கென்று ஒரு கோவிலையே எழுதிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.